இடிந்த லைன், ஐந்து பகுதி

குன்னூர்
12 ஜூன் 2025

ரேகா அப்பாவுக்கு,

போன் செய்தால் கட் செய்கிறீர்கள். தப்பித் தவறி எடுத்தாலும் தேவாலா மழையில் பாதிப் பேச்சுத்தான் கேட்கிறது. கேட்கிற பாதியும் சண்டையாக இருக்கிறது. அதனால் எழுதி, அனுப்புகிற மூட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வழக்கம்போல நல்லசாமி டீக்கடையில் இறக்குவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மூட்டையை மலையேற்ற நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பிளாஸ்டிக் கவரைக் கண்டாலே அபராதம் போடுகிற ஜில்லாவில், கோயமுத்தூரிலிருந்து மூட்டையாகப் பிளாஸ்டிக் கழிவு வந்தால் விடுவார்களா? சோதனைச்சாவடியில் ஒரு பொம்பளை கையை விட்டுக் கிளறிப் பார்த்தாளாம். டெம்போக்காரன் பயந்துபோய் எனக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டான்.

"என்னங்கக்கா இது, குப்பையா?"

"குப்பை இல்லைங்க. ஊரு."

"ஊருங்களா?"

"ஆமாங்க. இன்னும் கட்டலைங்க, கட்டோணும்."

என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

கோயமுத்தூரில் கமலேஷும் அவன் கூட்டாளிகளும் பிளாஸ்டிக் பொம்மை டாங்கி, விமானம் என்று பெட்டி பெட்டியாக வாங்கி ஒட்டுகிறார்கள். பாகங்களை நறுக்கி எடுத்த பிறகு மிஞ்சுகிற சட்டங்களும், தேவைப்படாத துண்டுகளும் இந்த மூட்டை. இதை நீங்கள் வீடாகவும் பாலமாகவும் ஆக்கித் தருகிறீர்கள், அவர்களே வாங்கி மேஜையில் பரப்பி, நடுவில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திச் சண்டை போடுகிறார்கள். "எங்க குப்பையை எங்களுக்கே விக்கற ஆளுங்க்கா நீங்க" என்று கமலேஷ் சொல்கிறான். நான் மறுக்கவில்லை.

இப்போதைய ஆர்டர்: லைன், இடிந்தது, ஐந்து பகுதி. முன்பக்கம் நன்றாகத் தெரிய வேண்டும். சிப்பாய் வழக்கமான அளவு, கட்டைவிரலின் மேல்கணு உயரம். மெசேஜ் இங்கிலீஷில் வந்தது, கடையில் கூட்டம் இருக்கும்போது படித்தேன், இவ்வளவுதான் விஷயம்.

மூட்டையில் டாங்கிச் சங்கிலி நிறையக் கிடக்கிறது. உங்கள் பேர்க்காரர்கள். அவர்களாவது சொன்னபடி வளைகிறார்கள்.

கோபம் தீர்ந்ததா என்று கேட்க மாட்டேன். அன்றைக்குக் கடையில் கமலேஷ் "யாருங்க செய்யறது?" என்று கேட்டபோது "நம்ம வேலையாளுங்க" என்று உங்களைக் காட்டினேன். புருஷன் பொழுதுபோக்குக்குச் செய்கிறார் என்றால் அவன் கொடுக்கிற மரியாதை வேறு, ஆள் வைத்துச் செய்கிறேன் என்றால் வேறு. வியாபாரத்தில் சொன்னது. அதற்காகச் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போவாரா ஒருவர்?

கடைக்குப் பின்னால் அறை சும்மா கிடக்கிறது. வெயில் வருகிற அறை. இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரிகிறது, ஆள் இரண்டு பேர்தான். எத்தனை நாளைக்கு என்று நீங்களே யோசியுங்கள்.

வீரம்மா

*

தேவாலா
21 ஜூன் 2025

முதலாளி அம்மா அவர்களுக்கு,

தங்கள் வேலையாள் சங்கிலி எழுதிக்கொண்டது.

மூட்டை நனைந்து வந்தது. பிளாஸ்டிக் என்பதால் பிழைத்தது. கடிதம்தான் கசங்கிவிட்டது, காயவைத்துப் படித்தேன்.

லைன் செய்வது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிறந்தது எஸ்டேட் லைனில், ஒன்றோடொன்று ஒட்டிய அந்தக் கூலி வீட்டு வரிசையில், வளர்ந்தது லைனில், உன்னைக் கூட்டிவந்து விளக்கேற்ற வைத்ததும் லைனில். ஆனால் கோயமுத்தூர்ப் பையன்களுக்கு எதற்கு எஸ்டேட் லைன் என்று விளங்கவில்லை. சண்டை போட அவர்களுக்கு வேறு இடமா இல்லை? இருக்கட்டும். கேட்கிறவனுக்குக் கொடுப்பது உன் தொழில், கட்டிக் கொடுப்பது என் வேலை.

கூரை ஓடா, தகரமா? இடிந்தது என்றால் எவ்வளவு இடிய வேண்டும்? ஒரு லைன் ஒரேயடியாக இடியாது. ஒரு வீட்டில் ஆள் போனால் பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கும். அப்படியா, அல்லது ஒரே அடியா? எழுது.

எழுத்து கோணலாக இருக்கும். மேஜை இல்லை. எஸ்டேட்டின் பழைய பிள்ளைக் காப்பகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். வீட்டில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே ஜன்னல் நிறைய, பெயிண்ட் வாடை தங்காது.

குன்னூர் அறையைப் பற்றி எழுதியிருந்தாய். வெயில் வரும் என்கிறாய். வெயிலில் வேலையாள் நன்றாகக் காய்வான்.

சங்கிலி

*

குன்னூர்
29 ஜூன் 2025

ரேகா அப்பாவுக்கு,

உங்கள் நக்கலைப் படித்துவிட்டு, அப்படியே மடித்து டப்பாவில் போட்டுவிட்டேன். பதில் எழுத ஆரம்பித்தால் மூன்று பக்கம் போகும். எனக்கு நிற்கவே தெம்பில்லை. காலையிலிருந்து முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. கடையில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் வருகிறவன் பேரம் பேசுகிறான். நின்றால்தான் விலை நிற்கிறது.

ஓடோ தகரமோ, உங்கள் விருப்பம். ஒரே அடியில் இடிந்த மாதிரி இருக்கட்டும். பீரங்கி அடித்தது போல. சிப்பாய்கள் அதற்குள் பதுங்கிக்கொண்டு சுடுவார்களாம். நாலைந்து பேர் நிற்கிற அளவுக்கு உள்ளே இடம் விடுங்கள்.

ஓடு மாற்றுவது என்றால் ஓரிரு நாள் வேலை. அதற்கு ஏன் காப்பகத்துக்குக் குடிபோக வேண்டும்? கரண்ட் இல்லையா? அல்லது பக்கத்து வீட்டுக் கருப்பம்மா அக்கா மறுபடி ஏதாவது சொன்னார்களா? அந்த அக்கா சொல்வதை மனசில் வைக்காதீர்கள், அவர்களுக்கு யாருமில்லை, வாய் ஒன்றுதான்.

ரேகா திருப்பூரிலிருந்து பேசினாள். "அப்பா எப்பக் கூப்பிட்டாலும் நல்லாருக்கேன்னு மட்டும் சொல்றாருமா" என்கிறாள். என்னிடம் அதுகூடச் சொல்வதில்லையே என்று சொன்னேன்.

பாதி மூட்டை பிளாஸ்டிக் பசையோடு வந்திருக்கும். அதைக் கரைக்கிற தின்னரை ஜன்னல் சாத்தி வைத்துக்கொண்டு திறக்காதீர்கள். போன தடவை தலைசுற்றியது ஞாபகம் இருக்கும்.

வீரம்மா

*

தேவாலா
17 ஜூலை 2025

வீரம்மாவுக்கு,

வேலை முடிந்தது. டப்பாவில் ஐந்து பகுதிகளும் தனித்தனியாக இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே லைனாகச் சேரும்.

செங்கல் எல்லாம் சட்டத்தை நறுக்கிச் செய்தது. இதற்கே கையில் தோல் உரிந்துவிட்டது. மிஞ்சிய துண்டுகளைத் தின்னரில் ஊறப்போட்டுக் குழம்பாக்கிச் சுவர் பூசினேன். கூரைக்கு ஓடு என் பேர்க்காரர்கள்தான், டாங்கிச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து அடுக்கினேன். கடைசி வீட்டுச் சாய்ப்புக்கு மட்டும் விமான இறக்கை, அது தகரம் மாதிரியே வரிவரியாக இருந்தது. முற்றத்து மண்ணுக்குத் தேயிலைத் தூசு தூவினேன். மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது, துடைக்காமல் விட்டேன். இங்கே எதில்தான் பூஞ்சை இல்லை.

பீரங்கி எப்படி அடிக்கும் என்று நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மாதிரி இடித்திருக்கிறேன்.

நீ பிரித்துப் பார்க்க வேண்டாம். வைக்கோல் வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன், மறுபடி அதேபோல் கட்ட உனக்கு வராது. அப்படியே கோயமுத்தூருக்கு அனுப்பிவிடு.

முழங்காலுக்கு எண்ணெய் சூடு செய்து போடு. ஸ்டூலில் உட்கார். கொஞ்சம் விலை குறைந்தால் குறையட்டும்.

சங்கிலி

*

குன்னூர்
23 ஜூலை 2025

ரேகா அப்பாவுக்கு,

பார்க்காமல் சரக்கை அனுப்புகிற கடைக்காரி எந்த ஊரில் இருக்கிறாள்? பிரித்தேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். கமலேஷ் கேட்டது லைன் வீடு இல்லை. மெசேஜைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். சண்டையில் இரண்டு பக்கத்துக்காரர்களும் மண்ணை வெட்டி, மணல்மூட்டை அடுக்கி, வரிசையாகப் பதுங்குவார்களே, அந்தப் பதுங்குகுழி வரிசை. அதற்கும் லைன் என்றுதான் பெயராம். குழி ஐந்து துண்டாக வேண்டும், எதிரியைப் பார்த்த பக்கம் இடிந்திருக்க வேண்டும். நான் லைன் என்று படித்தேன், லைன் என்று எழுதினேன். நீங்கள் லைன் கட்டினீர்கள். வேறு யாராவது படித்திருந்தால் என்ன லைன் என்று கேட்டிருப்பார்கள். நமக்கு ரெண்டு பேருக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை பாருங்கள்.

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கவுன்ட்டர் மேல் ஐந்தையும் சேர்த்து வைத்தேன். கருப்பம்மா அக்கா வீட்டு வாசலில் கோழிக்கூண்டு இருந்தது. குழாயடிக் கல் இருந்தது. சிரித்தேன்.

அப்புறம் ஐந்தாவது வீடு.

பச்சைச் சுவர். தீபாவளிக்கு நான் அடித்த பச்சை, கடையில் மிஞ்சிய டப்பாவில் தண்ணீர் அதிகமாகக் கலந்து, திட்டுத்திட்டாக வந்தது என்று நீங்கள் ஒரு மாதம் கேலி செய்த பச்சை. அதே திட்டு. ஜன்னல் கம்பியில் ஒன்று இல்லை, நம் ஜன்னலில் இல்லாத அதே கம்பி.

சமையல்கட்டு மூலையில் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அரிசிக் குண்டா கவிழ்ந்து கிடக்கிறது. செங்கல் எல்லாம் கட்டில் மேல் விழுந்து கிடக்கிறது.

பீரங்கி நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. ஆனால் அரிசி இருக்கிற மூலையைத் தேடிப் பிடித்துத் தள்ளுகிற பீரங்கி எதுவும் உலகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

யானை எப்போது வந்தது?

கட்டிலில் யார் படுத்திருந்தார்கள்?

வளர்த்து எழுத வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நல்லசாமிக்குப் போன் செய்தேன், "அண்ணனையே கேளுங்க்கா" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

வீரம்மா

*

தேவாலா
31 ஜூலை 2025

வீரம்மாவுக்கு,

மே மாதம். நீ என்னை ஆள் என்று சொல்லி, நான் பஸ் ஏறி வந்த அதே வாரம்.

கட்டிலில் யாரும் இல்லை. நாய் குரைத்தது, நான் முன்பக்கம் வெளியே வந்துவிட்டேன். டார்ச் எடுக்கத் திரும்பலாம் என்று நினைத்தேன், திரும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒற்றைக் கொம்பன் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு பெட்டை, குட்டியோடு. உப்பு டப்பாவையும் தேடி எடுத்துக்கொண்டது. நம் வீட்டில் பாய்ந்த ஈரத்தில் நான்காவது வீட்டுச் சுவரும் விட்டுவிட்டது. மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இருக்கப் பயம். ஐந்து வீட்டுக்காரர்களும் காப்பகத்தில்தான் இருக்கிறோம். எஸ்டேட்டில் பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

நல்லசாமியைத் திட்டாதே. நான்தான் சொல்லக்கூடாது என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பாய். வீட்டை விட்டு வர மாட்டேன் என்று உன்னிடம் அத்தனை பேச்சுப் பேசிவிட்டு வந்தேன். வந்து பையை இறக்கி வைத்த வாரமே வீடு இல்லை. இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் நீ வேன் எடுத்துக்கொண்டு வருவாய். நான் ஏறி உட்கார வேண்டும். வீடு போனதால் வந்தவன் என்று உன் கடைத்தெரு முழுக்கத் தெரியும். ஏற்கெனவே ஆள். இனி கதியற்ற ஆள்.

லைனை முதலில் முழுசாகத்தான் செய்தேன். இடிந்தது வேண்டும் என்று நீ எழுதியிருந்தும், கை முழுசாகவே கட்டியது. ஐந்து வீடும் ஓடு மேய்ந்து, வாசல் தெளித்த மாதிரி நன்றாக இருந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருப்பம்மா அக்கா வந்து பார்த்து, "ஏன் சங்கிலி, இதுக்குள்ள போய்க் குடியிருக்க முடியுமான்னு பாக்கறயா?" என்று கேட்டது. அப்புறம்தான் பிளேடை எடுத்தேன். கட்டுவதற்கு யோசித்த அளவு இடிப்பதற்கு யோசிக்கவில்லை. எந்தக் கல் முதலில் விழுந்தது, எது எங்கே உருண்டது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

பதுங்குகுழி செய்து தருகிறேன். மண்ணை வெட்டி மூட்டை அடுக்குவதுதானே, எஸ்டேட்டில் அதைவிட அதிகம் வெட்டியிருக்கிறேன். லைனை உடைத்துப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றால் திருப்பி அனுப்பு.

சங்கிலி

*

குன்னூர்
9 ஆகஸ்ட் 2025

ரேகா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். பக்கத்துக் கடை சசிகலா, "என்னக்கா, உடம்புக்கு முடியலீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

டார்ச் எடுக்கத் திரும்பாமல் இருந்தீர்களே, அதற்கு மேல் அந்தப் பத்தியைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

இப்போது வியாபாரம். கமலேஷுக்குத் தவறு நடந்துவிட்டது என்று சொல்லி, லைனின் போட்டோ அனுப்பினேன். திட்டுவான் என்று பார்த்தால் உடனே போன் செய்தான்.

"அக்கா, குழி அப்புறம் பாத்துக்கலாம். இதைக் குடுத்துருங்க. கடைசி ஊட்டை எந்தப் பீரங்கிங்க்கா அடிச்சது? குண்டு எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னே தெரியல, ஆனா பாத்தா நெசமா இருக்குது."

"யானைங்க தம்பி."

போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தானாம். 

"யாருங்க்கா செஞ்சது? அன்னிக்குப் பாத்த அந்த வேலைக்காரரா?"

"எங்க ஊட்டுக்காரருங்க. அது எங்க ஊடுங்க. அவருக்கு நான்தானுங்க வேலையாளு, மூட்டை தூக்கறது நான்."

இதை உங்களைச் சமாதானம் செய்வதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். அவன் விலையைக் குறைக்கவும் இல்லை, அதனால் நான் அன்றைக்குப் போட்ட கணக்கு தப்புக் கணக்கு. அதையும் எழுதிவிடுகிறேன்.

கேள்வி இதுதான். நான் சரக்கு என்று எடுத்து வைத்த எதையும் விற்காமல் வைத்ததில்லை. உங்களுக்கே தெரியும், ரேகாவின் தொட்டிலைக் கேட்டவளுக்குக்கூடக் கொடுத்தவள் நான். இந்த லைன் இரண்டு வாரமாகக் கவுன்ட்டருக்குக் கீழே இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், மூடி வைக்கிறேன். கமலேஷ் தினமும் கேட்கிறான். விற்கட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். எனக்கு இதில் முடிவெடுக்கத் தெரியவில்லை என்பதே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அறை இன்னும் சும்மாதான் இருக்கிறது. கதியற்று வருகிறவர் யாரும் அதில் தங்க வேண்டாம். வேலைக்கு இடம் வேண்டும் என்பவர் வரட்டும்.

வீரம்மா

*

தேவாலா
16 ஆகஸ்ட் 2025

வீரம்மா,

விற்றுவிடு. இடிந்த வீட்டுக்கு ஆள் பிடிக்கிறவள் இந்த மலையில் நீ ஒருத்திதான் இருப்பாய், அந்தப் பெயர் ஏன் கெட வேண்டும். அந்தப் பையன்கள் அதற்குள் சிப்பாயை நிறுத்தி விளையாடட்டும். யாராவது உள்ளே இருந்தால் நல்லது. இங்கே உள்ள லைனில் இப்போது தவளைதான் இருக்கிறது.

அவனிடம் என்ன சொன்னாய் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். சரி. இரண்டு தடவை படித்தேன், போதும்.

வருவது பற்றி. உன்மேல் கோபம் இருந்தபோது வராமல் இருப்பது சுலபமாக இருந்தது. இப்போது கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை, அலுப்புத்தான் இருக்கிறது. ஆனாலும் இப்போது வர முடியாது. காப்பகத்தில் கரண்ட் இழுத்தது நான், ஒழுகினால் ஏறுவது நான். போன வாரம் கருப்பம்மா அக்காவுக்குக் காய்ச்சல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் பொண்டாட்டி கிட்டப் போயிருவ, இல்ல?" என்று கேட்டது. நக்கலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த அக்கா முதல் தடவையாக நக்கல் இல்லாமல் பேசியது. மழை விட்டு, இவர்களுக்கு எஸ்டேட்டில் ஒரு இடம் சொல்கிற வரை இங்கேதான் இருப்பேன். சொல்வார்களா என்று தெரியாது. அது எப்போது என்று கேட்காதே.

நீ காத்திருக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. எழுதிவிட்டேன்.

சங்கிலி

*

குன்னூர்
22 ஆகஸ்ட் 2025

ரேகா அப்பாவுக்கு,

லைன் போய்விட்டது. கமலேஷ் நேரில் வந்து, மடியில் வைத்துக்கொண்டு காரில் போனான். நானே விற்றேன், நானே கட்டினேன், வைக்கோல் வைத்து நீங்கள் கட்டிய மாதிரியே எனக்கும் வந்தது.

காத்திருப்பது எனக்கு வராது. பழக்கமில்லை. சரக்கு வரவில்லை என்றால் சரக்கு இருக்கிற இடத்துக்குப் போகிறவள் நான். சாவியைச் சசிகலாவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் என் விலைக்கு விற்க மாட்டாள், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. சீசன் வந்தால் திரும்பி வர வேண்டும், கடை இல்லாமல் நமக்குச் சோறு இல்லை. அப்புறம் மறுபடி வருவேன். இப்படிப் போய் வந்து கொண்டிருப்பது ஒரு குடித்தனமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். காப்பகத்தில் எனக்குப் பாய் போட்டு வையுங்கள். கருப்பம்மா அக்கா பக்கத்தில் போடுவதா, உங்கள் பக்கத்தில் போடுவதா என்பதை நான் வருவதற்குள் நீங்களே முடிவு செய்துவிடுங்கள். அத்தனை பேர் நடுவில் பையோடு நின்றுகொண்டு அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எங்கே விரித்திருக்கிறதோ அங்கே படுத்துக்கொள்வேன்.

வீரம்மா